டிஸ்க் இல்லை, பென்டிரைவ் இல்லை: ஓஎஸ் எப்படி ஏறுகிறது?

கணினியில் இயங்குதளம் நிறுவ டிவிடியோ பென்டிரைவோ கட்டாயம் வேண்டும் என்பது பழக்கத்தால் வந்த எண்ணம். நிறுவும்போது டிஸ்க் மூன்று வேலைகளைச் செய்கிறது. கணினியை எழுப்பும் முதல் சிறு நிரலைத் தருகிறது. அந்த நிரல் அழைக்கும் இன்ஸ்டாலரைத் தருகிறது. இன்ஸ்டாலர் ஹார்ட் டிஸ்க்கில் பிரித்துப் போட வேண்டிய கோப்புகளையும் தருகிறது. மூன்றும் ஒரே வட்டில் இருப்பது வசதிக்காக மட்டுமே. முதல் நிரல் ஓரிடத்திலிருந்தும் கோப்புகள் இன்னோரிடத்திலிருந்தும் வந்தால் கணினிக்கு அதில் எந்த ஆட்சேபமும் கிடையாது.

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. பயாஸ் ஒரு வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து அதிலுள்ள நிரலை ஓட்டும். யூஇஎஃப்ஐ கொஞ்சம் படித்த பிள்ளை. வட்டில் தனக்கென ஒதுக்கிய சிறு பகுதிக்குள் போய் உரிய கோப்பைத் தேடி எடுக்கும். எங்கே தேடுவது என்பதற்கு ஒரு வரிசைப் பட்டியல் உண்டு: ஹார்ட் டிஸ்க், டிவிடி, யுஎஸ்பி, நெட்வொர்க். பட்டியலின் கடைசியில் கிடக்கும் நெட்வொர்க் என்ற அந்தச் சொல் 2000-களின் தொடக்கத்திலிருந்தே அலுவலகக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

லினக்ஸின் மையக் கருவான கெர்னலும் அதோடு வரும் சிறு கோப்புத் தொகுப்பும் ரேமுக்குள் ஏறிவிட்டால், அவை எங்கிருந்து வந்தன என்பது அதன்பின் பொருட்டல்ல. வின்டோஸின் இன்ஸ்டாலரும் அப்படியே. வின்டோஸ் பிஇ என்ற குட்டி வின்டோஸ் ரேமுக்குள் ஏறி, அங்கிருந்து வேலையைத் தொடங்குகிறது. டிஸ்க் இல்லாத நிறுவல் முறைகள் எல்லாம் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கின்றன.

இருக்கிற வழிகளில் பழையது, ஹார்ட் டிஸ்க்கையே டிஸ்க்காகப் பயன்படுத்துவது. வின்டோஸ் 98 காலத்தில் கணினி அசெம்பிள் செய்து விற்றவர்கள் சிடியில் இருந்த ஃபோல்டரை டி டிரைவில் நகலெடுத்து வைப்பார்கள். அடுத்த முறை சிஸ்டம் படுத்துவிட்டால் டாஸில் நுழைந்து அந்த ஃபோல்டருக்குள் போய் செட்டப்பை ஓட்டினால் போதும். அன்றைய சிடி டிரைவின் வேகத்துக்கு இதுவே விரைவாகவும் முடிந்தது.

இன்றும் இதே உத்தி வேறு உடையில் நடக்கிறது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் வின்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். மாணவர்களில் பலர் அதை ஒருமுறைகூடத் திறக்காமல், லேப்டாப் கைக்கு வந்த வாரமே சர்வீஸ் கடையில் கொடுத்து அழித்துவிட்டார்கள். அழித்தவர்கள் ஒரு நல்ல கருவியையும் சேர்த்து இழந்தார்கள். இரண்டு ஓஎஸ்களில் எது வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் என்ற பூட் நிரலுக்கு வட்டில் கிடக்கும் ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து பார்க்கத் தெரியும்.

ஐஎஸ்ஓ என்பது டிவிடியின் முழு நகல், ஒரே கோப்பாக. அதை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, கிரப்பின் கட்டளை வரியில் லூப்பேக் என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கோப்பை அது ஒரு தனி வட்டாகவே கருதும். உள்ளே இருக்கும் கெர்னல், தொடக்கத் தொகுப்பு இரண்டையும் ரேமில் ஏற்றச் சொல்லி, ஐஎஸ்ஓ இருக்கும் பாதையையும் கெர்னலுக்குச் சொல்லிவிட வேண்டும். பாதையைச் சொல்ல மறந்தால் கெர்னல் எழுந்து, மீதிக் கோப்புகளைக் காணாமல் பாதியில் நின்றுவிடும். முதல்முறை செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

இந்த வழியில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஐஎஸ்ஓ எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறதோ அந்தப் பார்ட்டிஷனை நிறுவும்போது அழிக்க முடியாது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போலாகிவிடும். வட்டின் கடைசியில் ஏழெட்டு ஜிபியில் ஒரு சிறு பார்ட்டிஷன் பிரித்து ஐஎஸ்ஓவை அதில் வைப்பது வழக்கம். ஐஎஸ்ஓ முழுவதையும் ரேமுக்கே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடும் சில லினக்ஸ்களில் இருக்கிறது. 8 ஜிபி ரேம் இருந்தால் அது எளிது. 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் 4 ஜிபி ஐஎஸ்ஓ ஏறாது.

வின்டோஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இவ்வளவு சிரமம் தேவையில்லை. 2012-இல் வந்த வின்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தாலே அது ஒரு டிரைவாகத் திறக்கிறது. உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால், தேவையான கோப்புகளை சி டிரைவில் மறைவான ஃபோல்டர் ஒன்றில் அது நகலெடுத்துக்கொண்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, வின்டோஸ் பிஇயில் எழும். ஆனால் 32-பிட் வின்டோஸிலிருந்து 64-பிட்டுக்கு இப்படி மேம்படுத்திக்கொண்டு போக முடியாது. வின்டோஸ் 10-இல் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கிளவுட் டவுன்லோட் என்ற தெரிவும் சேர்ந்தது. கணினியை ரீசெட் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் கெட்டுப்போன கோப்புகளை நம்பாமல் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து புதிதாக இறக்கி நிறுவிக்கொள்ளும். இறங்குவது பல ஜிபி என்பதால் மொபைல் டேட்டாவை நம்பித் தொடங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆப்பிள் இதை ஃபர்ம்வேருக்குள்ளேயே கொண்டுபோனது. 2011-இல் வெளிவந்த மேக் கணினிகள் முதல், ஹார்ட் டிஸ்க் முற்றிலும் காலியாக இருந்தாலும் சில விசைகளை அழுத்திப் பிடித்தால் கணினியே வைஃபையில் சேர்ந்து இன்ஸ்டாலரை இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களோ தெரியாமலே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதிய பதிப்பு நிறுவப்படும். மறுதொடக்கத்தில் இடம் மாறும். புதியது எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும்.

இவை எல்லாம் ஒற்றைக் கணினிக்கான வழிகள். அறுபது கணினிகள் என்றால் கணக்கே வேறு.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலை ஓரத்திலும் ராசிபுரம், திருச்செங்கோடு சுற்றிலும் பொறியியல், பாலிடெக்னிக், கலைக் கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கணினி லேப் சில. செய்முறைத் தேர்வுக்கு முன் லேபைச் சுத்தமாக்குவது, பாடத்திட்டம் மாறினால் புதிய மென்பொருள் ஏற்றுவது என்று ஓஎஸ் போடும் வேலை திரும்பத் திரும்ப வரும். 2025 அக்டோபர் 14-உடன் வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11-ஐ ஏற்கப் பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அந்தத் தகுதி இல்லாத கணினிகள் உள்ள லேப்களுக்கு லினக்ஸ்தான் கைகொடுக்கும். அறுபது கணினிகள் உள்ள ஒரு லேபில் நான்கு பென்டிரைவை வைத்துக்கொண்டு, கணினிக்கு 25 நிமிடம் என்று அறுபதையும் முடிக்கப் பதினைந்து சுற்று வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் லேப் அசிஸ்டென்ட் நடுவில் டீ குடிக்கப் போகாவிட்டால்.

இதற்குச் சரியான வழி நெட்வொர்க் பூட். இன்டெல் நிறுவனம் 1990-களின் இறுதியில் வகுத்த பிஎக்ஸ்இ என்ற ஏற்பாட்டின் 2.1 பதிப்பு 1999-இல் வந்தது. இன்றும் பெரும்பாலும் அதுவே ஓடுகிறது. தொழில்நுட்ப வட்டாரத்தில் பிக்ஸி என்றே சொல்வார்கள். இன்டெல் இதற்காகப் புதிதாகக் கண்டுபிடித்தது குறைவு. முகவரி கேட்பதற்கு டிஹெச்சிபி, கோப்பு வாங்குவதற்கு டிஎஃப்டிபி என்று முன்பே புழக்கத்தில் இருந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது.

நடப்பதை நெருங்கிப் பார்க்கலாம். கணினியை இயக்கியதும் எஃப்12 அல்லது அந்த நிறுவனம் வைத்திருக்கும் விசையை அழுத்தி நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நேரம் கணினிக்கு ஐபி முகவரி கிடையாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே நெட்வொர்க் கார்டு லேன் முழுவதற்கும் பொதுவாக ஒரு கேள்வியை அனுப்புகிறது. அதில் தன் வன்பொருள் முகவரி, தான் பிஎக்ஸ்இ கேட்கும் கணினி என்ற அடையாளம், தான் பயாஸா யூஇஎஃப்ஐயா என்று சொல்லும் ஓர் எண் மூன்றும் இருக்கும். டிஹெச்சிபி சர்வர் பதிலில் ஐபி முகவரியோடு இரண்டு கூடுதல் தகவல்களைச் சேர்க்கிறது: பூட் கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது, அதன் பெயர் என்ன. கணினி உடனே அந்தச் சர்வரிடம் டிஎஃப்டிபி மூலம் கோப்பைக் கேட்டு வாங்கி ரேமில் வைத்து ஓட்டுகிறது. அந்தக் கோப்பு ஒரு பூட் நிரல். அது கெர்னலையும் தொடக்கத் தொகுப்பையும் இழுக்கிறது. கெர்னல் எழுந்ததும் நெட்வொர்க்கைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, மீதி ஜிபிக்களை ஹெச்டிடிபி அல்லது என்எஃப்எஸ் வழியாக வேகமாக வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி டிஎஃப்டிபி. 1981-இல் வரையறுக்கப்பட்ட இது வேண்டுமென்றே மிக எளிமையாக அமைந்தது. நெட்வொர்க் கார்டின் சிறு சில்லுக்குள் அடங்க வேண்டும் என்றால் அந்த எளிமை தேவைதான். கோப்பை 512 பைட் துண்டுகளாக அனுப்பும். ஒரு துண்டு கிடைத்தது என்று பதில் வந்தால்தான் அடுத்த துண்டு போகும். ஒரு துண்டு போய்ப் பதில் வர ஒரு மில்லிசெகண்ட் ஆகும் லேனில் நொடிக்கு 500 கிலோபைட்தான் நகரும். 50 எம்பி இறங்க நூறு நொடி. துண்டுகளுக்கு இடும் எண் 65,535-ஐத் தாண்ட முடியாது என்பதால் பழைய முறைப்படி ஒரு கோப்பு 32 எம்பிக்கு மேல் இருக்கவும் கூடாது. துண்டின் அளவைப் பெரிதாக்கும் திருத்தம் பின்னர் வந்தது. அதைவிட நல்ல தீர்வு, டிஎஃப்டிபியில் ஐபிஎக்ஸ்இ என்ற சிறு நிரலை மட்டும் இறக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஹெச்டிடிபியில் வாங்கச் சொல்வது. திறந்த மூலநிரலான ஐபிஎக்ஸ்இ 2010 முதல் இந்தப் பெயரில் வளர்கிறது.

இவ்வளவுக்கும் பெரிய சர்வர் தேவையில்லை. லேபில் ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை நிறுவினால் டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கல்லூரியில் ஏற்கெனவே வேறொரு ரவுட்டர் ஐபி கொடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. முகவரி அங்கிருந்தே வரட்டும், பூட் தகவலை மட்டும் நான் தருகிறேன் என்று பக்கத்தில் நின்று பதில் சொல்லும் முறையும் டிஎன்எஸ்மாஸ்க்குக்குத் தெரியும்.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கு அறுபது முறை விரல் ஒடிய விடை தட்டவும் வேண்டாம். டெபியனில் பிரீசீட், ரெட்ஹாட் வகையில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால், வின்டோஸில் அன்அட்டெண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விடைக் கோப்பு உண்டு. கீபோர்டு வகை, கொல்கத்தா நேரம், பார்ட்டிஷன் பிரிப்பு, பயனர் பெயர் எல்லாம் அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வட்டைப் பிரிக்கும் வரியை எழுதும்போது கை நடுங்கத்தான் வேண்டும். அதில் ஒரு பிழை இருந்தால் அறுபது ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் காலி. முதலில் ஒரே ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுவதே முறை.

வேகத்தைக் கணக்கிட்டால், கணினிக்கு 5 ஜிபி என்று வைத்துக்கொண்டாலும் அறுபதுக்கும் சேர்த்து 300 ஜிபி. சர்வரின் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் முழு வேகத்தில் அனுப்பினாலும் ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகும். பென்டிரைவை விட மோசம். அதே சர்வர் ஒரு கிகாபிட் கார்டோடு கிகாபிட் சுவிட்சில் இருந்தால் 40 நிமிடம். மல்டிகாஸ்ட் முறையில் சர்வர் 5 ஜிபியை ஒரே ஒரு முறை அனுப்ப, அறுபது கணினிகளும் அதைச் சேர்ந்தே கேட்டுக்கொள்ளும். 100 எம்பிபிஎஸ்ஸிலேயே ஏழு நிமிடத்தில் பரிமாற்றம் முடியும். நடைமுறையில் கொஞ்சம் கூடும், ஏனென்றால் கூட்டத்தில் மெதுவான கணினியின் வேகத்துக்கே எல்லாம் இறங்கி வர வேண்டும்.

மல்டிகாஸ்ட்டில் போவது பெரும்பாலும் இன்ஸ்டாலர் அல்ல, தயாராகச் செய்து வைத்த ஒரு கணினியின் முழு நகல். கோஸ்ட் போடுவது என்று லேப்களில் இன்றும் சொல்லும் வேலை இது. 1990-களின் நடுவில் நியூசிலாந்தில் உருவாகி, 1998-இல் சைமன்டெக் கைக்குப் போன மென்பொருளின் பெயர் அது. இப்போது அதே வேலையைத் தைவானில் உருவான குளோன்சில்லா இலவசமாகச் செய்கிறது. நகலெடுத்த வின்டோஸ்கள் தங்களை ஒரே கணினி என்று நினைத்துக்கொள்ளாமல் இருக்க, நகலெடுப்பதற்கு முன் சிஸ்பிரெப் ஓட்டியாக வேண்டும்.

பிஎக்ஸ்இ வேலை செய்யவில்லை என்று கைவிடப்படும் லேப்களில் காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். லேன் விளக்கு எரிகிறது, கணினி மட்டும் பதில் வரவில்லை என்று சொல்லி நிற்கிறது என்றால் முதலில் சுவிட்சைப் பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் வளையம் ஏற்படாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஏற்பாடு, புதிதாக விழித்த போர்ட்டை முப்பது நொடி தடுத்து வைக்கும். அதற்குள் கணினி கேட்டு அலுத்துவிடும். அந்தப் போர்ட்டை உடனே திறக்கும்படி சுவிட்சில் ஓர் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. யாரோ ஒரு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவிட்சில் செருகியிருந்தால் இரண்டு டிஹெச்சிபிகள் முந்திக்கொண்டு பதில் சொல்லும். எது ஜெயிக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். பயாஸுக்கான பூட் கோப்பை யூஇஎஃப்ஐ கணினிக்குக் கொடுத்தாலும் ஓடாது. செக்யூர் பூட் இயங்கும் கணினி கையொப்பம் உள்ள பூட் நிரலை மட்டுமே ஏற்கும். வைஃபையில் பிஎக்ஸ்இ எதிர்பார்க்கவே வேண்டாம். லேன் கேபிள் தேவை. லேன் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப்களில், ஃபர்ம்வேர் ஒத்துழைத்தால் யுஎஸ்பி-லேன் அடாப்டர் உதவும்.

பாதுகாப்பு என்ற விஷயத்தில் பிஎக்ஸ்இ வெகுளி. பதில் சொல்லும் சர்வர் உண்மையானதா என்று கேட்க அதற்குத் தெரியாது. அதே லேனில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருக்கும் யாரும் தன் சொந்த பூட் கோப்பைத் தள்ளிவிட முடியும். 2024 ஜனவரியில் பிக்ஸிஃபெயில் என்ற பெயரில் வெளியான ஒன்பது ஓட்டைகள், பல நிறுவனங்களின் யூஇஎஃப்ஐக்கு அடிப்படையான மூலநிரலின் நெட்வொர்க் பகுதியிலேயே இருந்தன. லேபை விலேன் என்ற தனி நெட்வொர்க் பிரிவில் வைப்பதும், வேலை முடிந்ததும் நெட்வொர்க் பூட்டை அணைத்து பயாஸுக்குக் கடவுச்சொல் போடுவதும் குறைந்தபட்சக் காவல். 2015-இல் வந்த யூஇஎஃப்ஐ 2.5 வரையறையில் ஹெச்டிடிபி பூட் சேர்ந்தது. சான்றிதழைச் சரிபார்க்கும் ஹெச்டிடிபிஎஸ் வழியாகவும் அதைச் செய்யலாம் என்பதால் காலப்போக்கில் இதுவே பிஎக்ஸ்இயின் இடத்தைப் பிடிக்கக்கூடும்.

இன்னும் ஒரு படி போனால் நிறுவலே தேவையில்லை. கணினி ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கிலேயே எழுந்து, சர்வரில் இருக்கும் ஒரே இயங்குதளத்தைப் பகிர்ந்துகொள்ளும். எல்டிஎஸ்பி போன்ற திறந்த மூலநிரல் திட்டங்கள் பள்ளிகளுக்காக இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. தமிழகத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைந்திருப்பதை வைத்துப் பார்த்தால், ஒரே இடத்தில் திருத்தினால் லேப் முழுவதும் திருந்தும் இந்த ஏற்பாட்டின் மதிப்பு புரியும். சர்வர் படுத்தால் வகுப்பே படுத்துவிடும் என்பது அதன் மறுபக்கம்.

உரிமம் பற்றிய கவலை பலருக்கு உண்டு. வின்டோஸ் 8 காலத்திலிருந்து, ஓஎஸ்ஸோடு விற்கப்படும் கணினிகளின் கீ பெரும்பாலும் ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே பதிப்பை எந்த வழியில் நிறுவினாலும் வின்டோஸ் அதைத் தானே படித்துக்கொள்ளும். அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் அழிந்துபோனாலும் கவலையில்லை.

நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதில்தான் இந்த வழிகள் பிரிகின்றன. நெட்வொர்க் வழியில் பாதியில் நின்ற கணினி மறுபடி நெட்வொர்க்கில் எழுந்து முதலிலிருந்து தொடங்கும். இழப்பு நேரம் மட்டும். ஹார்ட் டிஸ்க்கையே நம்பி இறங்கியவருக்குப் பார்ட்டிஷன் மாறும் நேரத்தில் மின்சாரம் போனால் எழ வேறு இடமே இருக்காது. அப்போது பென்டிரைவைத் தேடி ஓட வேண்டியதுதான். அந்த வழியில் போகிறவர்கள் லேப்டாப் பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குமா, டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, வேண்டிய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே தொடங்குங்கள்.